சந்தேகம் கேட்கும் நேரம்

இன்று மாலை டெல்லி முனிர்காவில் உள்ள இட்லிக் கடையில் என் எம்.ஏ. மாணவி செல்வி எதிரே வந்து உட்கார்ந்தாள். தென்காசிப் பெண்.

"சார், உங்க புள்ளியியல் பேப்பரை விட்டுரலாம்னு இருக்கேன். விடுறதுக்கு நாளைக்குத்தான் கடைசி நாள்."

மூன்றாவது வாரத்திலிருந்தே ஒன்றும் புரியவில்லையாம்.

"ஒவ்வொரு கிளாஸ் முடியும்போதும் சந்தேகம் இருக்கான்னு கேக்கிறேனேம்மா?"

"கேப்பீங்க சார். லேப்டாப்பை உள்ள வச்சு, பை ஜிப்பை இழுத்துக்கிட்டே கேப்பீங்க. அப்போ எவளாவது கையைத் தூக்கினா மத்தவங்க சும்மா விடுவாங்களா?"

மாணவர்களுக்குக் கைகொடுப்பது எப்படி என்று மூன்று பயிலரங்குகளில் சான்றிதழ் வாங்கியவன் நான். அவற்றில் ஜிப்பைப் பற்றி எவரும் பேசவில்லை.

இட்லி ஆறட்டும் என்று அவளுடைய நோட்டிலேயே மூன்றாவது வாரத்தைத் தொடங்கினோம். நாற்பது நிமிடம் ஆனது.

"அச்சா, இவ்வளவுதானா சார்? இதைக் கிளாஸ்லயே இப்படிச் சொல்லியிருக்கலாமே."

பேப்பரை விடப்போவதில்லை என்று சொல்லிவிட்டுப் போனாள்.

இனி வகுப்பின் நடுவிலேயே நிறுத்தி, எது புரியவில்லை என்று கேட்பதாக முடிவு செய்திருக்கிறேன். உண்மையிலேயே யாராவது பதில் சொல்லிவிட்டால் என்ன செய்வது என்பதை, அனுபவமுள்ள பேராசிரிய நண்பர்கள் தெரிவிக்கவும்.