கூழில் கலந்த மாத்திரை

என் வீட்டுக்காரர் விழுப்புரத்தில் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறார். இரண்டு வருடமாக அவர் நெஞ்சு சொல்லாமல் கொள்ளாமல் படபடவென்று அடித்துக்கொள்ளும். ஒருமுறை ஆட்டோவிலேயே மயங்கிச் சரிந்தார். நல்லவேளை, வண்டி நின்றுகொண்டிருந்தது. இப்படியே விட்டால் உயிருக்கே ஆபத்து என்றார் சென்னை டாக்டர். அப்புறம் எனக்கு ஏது தூக்கம்?

தொடை ரத்தக்குழாய் வழியாக மெல்லிய ட்யூபை இதயத்துக்குள் விட்டு, கோளாறு கிளம்பும் இடத்தைத் தேடிச் சுட்டுவிடுவார்களாம். அதற்கு நான்கு நாள் முன்பே, படபடப்பை அடக்க அவர் சாப்பிட்டு வந்த மாத்திரையை நிறுத்தச் சொன்னார்கள். நிறுத்துவதாவது! அதுதான் ஆளைப் பிடித்து வைத்திருக்கிறது என்று நம்பியவள் நான். தினமும் அவருக்குத் தெரியாமல் பொடித்துக் கேப்பைக் கூழில் கலந்து, மோர் ஊற்றிக் கொடுத்தேன். அவரும் மடக் மடக்கென்று குடித்தார்.

சிகிச்சையன்று டாக்டர் உதட்டைப் பிதுக்கிக்கொண்டு வெளியே வந்தார்.

"அந்தத் துடிப்பைக் கிளப்பிப் பார்த்தோம்மா, வரல. வந்தாத்தானே எங்கேருந்து கிளம்புதுன்னு தெரியும்?"

எனக்குச் சுரீரென்றது. அழுதுகொண்டே உண்மையைக் கக்கினேன். டாக்டர் தலையில் கைவைத்துக்கொண்டார். "எங்க வீட்டுக்காரர்கிட்ட மட்டும் சொல்லிடாதீங்க சார்" என்று கும்பிட்டேன்.

மூன்று மாதம் கழித்து மறுபடி போனோம். இந்த முறை கூழில் உப்பு மட்டும்தான். அவர் நெஞ்சு நன்றாக அடித்துக்கொள்ளட்டும் சாமி என்று வேண்டிக்கொண்டு வெளியே உட்கார்ந்திருந்தேன். எந்தப் பெண்டாட்டியாவது இப்படி வேண்டுவாளா?

"வந்துச்சும்மா" என்றார் டாக்டர். "இதயத்தோட வெளிச்சுவர்ல இருந்துச்சு, உள்ளேருந்து எட்டல. நெஞ்செலும்புக்குக் கீழ ஊசியால வழி பண்ணி, வெளிப்பக்கமா போய்ச் சுட்டுட்டோம். திரும்பத் திரும்பக் கிளப்பிப் பார்த்தோம், வரல."

அப்பாடா! அன்று என்னை அழவைத்த அதே 'வரல' இன்று காதில் தேனாகப் பாய்ந்தது.

ஊர் திரும்பும்போது, திண்டிவனத்தில் பஸ் நின்றதும் மனசு தாங்காமல் எல்லாவற்றையும் அவரிடம் சொல்லிவிட்டேன். அவர் சிரித்தார்.

"தெரியும்மே. அந்தக் கசப்பு மோர்ல மறையுமா?"

"அப்புறம் ஏங்க குடிச்சீங்க?"

"நிறுத்த எனக்கும் பயமாத்தான் இருந்துச்சு. நீயே கலந்து குடுத்தா தப்பு உன்துதானே? கம்முனு குடிச்சிகினு இருந்தேன்."

பாவி மனுஷன்! மூன்று மாதம் நான் செத்துப் பிழைத்திருக்கிறேன். நெஞ்சிலேயே ஒரு குத்து விடலாம் என்று கையை ஓங்கினேன். சுட்ட இடமாயிற்றே என்று தோளில் வைத்தேன்.