மருந்துக்குக் கேட்காத மல்லித்தழை

மதுரையிலிருந்து ராஜபாளையம் போக யாராவது வழி கேட்டால், நேர் பஸ்ஸை விட்டுவிட்டு ஸ்ரீவில்லிபுத்தூரில் இறங்கி மாறச் சொல்வேன். பால்கோவாதான் காரணம், வேறென்ன? 1993 ஆடியில் நானும் அப்படித்தான் போனேன். ராஜபாளையத்தில் வாழ்க்கைப்பட்டிருந்த அக்கா, ஆண்டாள் தேருக்கு வரச் சொல்லியிருந்தாள். மதுரையில் ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்த்த எனக்கு லீவு கிடைப்பதே குதிரைக்கொம்பு.

காலை ஆறு மணி பஸ். எழுபத்தைந்து கிலோமீட்டர், இரண்டரை மணி நேரம். கிருஷ்ணன்கோவில் பக்கம் வந்ததும் வலது கைப்பக்கம் மலை கூடவே வரும்; அந்த ஜன்னல் சீட்டுக்குச் சண்டை போட்டாலும் தப்பில்லை. ஸ்ரீவில்லிபுத்தூரில் சூடு ஆறாத பால்கோவா வாங்கி, அக்காவுக்கென்று கட்டியதில் பாதியை நானே தின்றேன். ராஜபாளையம் அங்கிருந்து பதினோரு கிலோமீட்டர்தான், அதற்குள் மீதியும் தீர்ந்திருக்கும். நல்லவேளை, அந்த பஸ்ஸில் உட்கார இடமில்லை.

வீட்டில் அக்கா சுருண்டு கிடந்தாள். காய்ச்சல் வந்து ஒரு வாரத்துக்கு மேலாகிறதாம். சொன்னால் தேர் பார்க்காமல் அழுதுகொண்டு நிற்பேன் என்று எனக்குச் சொல்லவில்லை. டாக்டர் டைபாய்டு என்று கேப்சூல் கொடுத்திருந்தார்.

"மருந்துக்குக் கேக்கவே மாட்டேங்குது ஏட்டி," என்றாள். பால்கோவாவைப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பால்கோவாவை வேண்டாமென்கிற அக்காவை நான் அதுவரை பார்த்ததில்லை.

டாக்டரிடம் போய் நின்றேன். எங்கள் கூடத்தில் சோதிக்க அவளுடைய ரத்தத்தை எடுத்துக் கொடுத்தார். குடிதண்ணீர் எப்படி என்று கேட்டார். கொதிக்கவைத்துத்தான் குடிக்கிறாள் என்று அத்தான் சொன்னார். ஆனால் அக்காவுக்குப் பச்சை மல்லித்தழைத் துவையல் இல்லாமல் சோறு இறங்காது. வதக்கவும் மாட்டாள், வாசனை போய்விடுமாம். அதுதான் என் மண்டையைக் குடைந்தது.

அத்தான் சைக்கிளில் என்னை, அக்கா வாங்கும் தழை விளைகிற ஆற்றங்கரைத் தோட்டத்துக்குக் கூட்டிப்போனார். மல்லி போட்டிருந்த ராமுத்தாய், கட்டிய தழையை ஆற்றிலிருந்து வரும் வாய்க்காலில் முக்கி முக்கி எடுத்துக்கொண்டிருந்தார். கொஞ்சம் மேலே ஊர்ச் சாக்கடை ஆற்றில் கலந்துகொண்டிருந்தது. சந்தைக்குப் போகிறவரை தழை வாடாமலிருக்க அப்படித்தான் முக்குவார்களாம். ஓடுகிற தண்ணீருக்கு ஏது அழுக்கு என்றார். பிறகு சொன்னதுதான் இன்றும் காதில் நிற்கிறது.

"போன மாசம் மல்லி அழுகுச்சு தாயி. காய்ச்சலுக்கு வாங்கி மிச்சம் கெடந்த கேப்சூல ஒடச்சு, வாளித் தண்ணில கலக்கி ஊத்துனேன். மனுசனுக்குக் கேக்குற மருந்து மல்லிக்குக் கேக்காதா?"

சிரித்துவிட்டேன். அவரை மட்டும் என்ன சொல்ல? காய்ச்சல் விட்டதும் மிச்ச மாத்திரையை அலமாரியில் பத்திரப்படுத்துவது எங்கள் வீட்டிலும் வழக்கம்தான், அரைகுறை மருந்தில் சாகாத கிருமி அதற்குப் பழகிக்கொள்ளும் என்று எனக்குத் தெரிந்தும்.

ரத்தம் கைப்பையில், வாய்க்கால் தண்ணீர் ஐஸ் வைத்த பிளாஸ்க்கில். தேர் பார்க்காமலே மதுரை பஸ் ஏறினேன். பிளாஸ்க்கில் காப்பியா என்று கேட்ட கண்டக்டர், ஆற்றுத்தண்ணீர் என்றதும் அதற்குமேல் என்னோடு பேச்சே வைத்துக்கொள்ளவில்லை.

கிருமியைத் தட்டில் வளர்த்து, மேலே மருந்து தடவிய காகிதப் பொட்டுகளை வைப்போம். மருந்துக்குக் கேட்டால் பொட்டைச் சுற்றிக் கிருமி செத்து வெறும் வட்டம் தெரியும். அக்காவின் தட்டில் கேப்சூல் மருந்தின் பொட்டை ஒட்டியே கிருமி மண்டியிருந்தது. ஆற்றுத்தண்ணீர்த் தட்டிலும் அதே கதை. இரண்டும் ஒரே கிருமி என்று சத்தியம் செய்ய மாட்டேன். வேறு வேறாகவும் இருக்கலாம். ஆனால் அக்காவின் தட்டில் ஒரேயொரு பொட்டைச் சுற்றி, அழகான வெறும் வட்டம். எஸ்.டி.டி. பூத்துக்கு ஓடி டாக்டரிடம் அந்த மருந்தின் பெயரைச் சொன்னபோது, சந்தோஷத்தில் எனக்கு நாக்கு குழறியது.

அந்தப் பக்கம் போகிறவர்களுக்கு: தேருக்குப் போனால் விடியுமுன் போய்விடுங்கள். பஸ் ஸ்டாண்டில் நறுக்கி வைத்த வெள்ளரிக்காய் வேண்டாம். தழை, கீரையெல்லாம் வெந்ததாகப் பார்த்துச் சாப்பிடுங்கள். கேப்சூலை டாக்டர் சொன்ன நாள்வரை விழுங்குங்கள். பால்கோவாவுக்குக் கட்டுப்பாடு கிடையாது.

ராமுத்தாயிடம் அத்தான் பக்குவமாக எடுத்துச் சொல்ல, அவர் தழையைக் கிணற்றுத் தண்ணீருக்கு மாற்றினார். தீபாவளிக்கு நான் மறுபடி போனபோது அக்கா பழைய அக்காவாகி அடுப்படியில் நின்றாள். மல்லிக்கட்டை மூக்கில் வைத்து ஆசை தீர மோந்துவிட்டு, கொதிக்கிற தண்ணீரில் போட்டாள். பச்சை கறுத்தது. துவையலைத் தொட்டு நாக்கில் வைத்தாள்.

"காய்ச்சல் மருந்துக்குக் கேட்டுருச்சு ஏட்டி," என்றாள். "இந்த நாக்குதான் இன்னும் பச்சத் தழையக் கேக்குது."