பச்சை மருந்து குடித்த எலிகள்

பத்தாம் வகுப்பைப் பாதியில் விட்ட பிறகு எந்த வேலையிலும் நான் வேரூன்றியதில்லை. மும்பை செம்பூரில் ஒரு மருந்தியல் கல்லூரியின் எலி அறையில் பதினான்கு மாதம் இருந்தேன், அதுவே அதிகம். கூண்டு கழுவுவது, உமி மாற்றுவது, தண்ணீர் பாட்டில் நிரப்புவது. அறையில் ஏசி உண்டு. எலிகளுக்காகப் போட்டது.

அப்போது தாராவியில் அக்கா வீட்டில் தங்கியிருந்தேன். கீழே அவர்கள், ஏணி ஏறினால் நான். அத்தான் சைக்கிளில் இட்லி விற்றார், காலையில் சயான் ஸ்டேஷன் பக்கம். அவருக்கு வலது கை நடுங்க ஆரம்பித்து நான்கு வருடம் ஆகியிருந்தது. நடுக்கம்கூடப் பரவாயில்லை, கை மெதுவாகிப்போனதுதான் தொல்லை. சட்னியைப் பையில் ஊற்றி, நூல் சுற்றி, முடிச்சுப் போடுவதற்குள் வாங்க வந்தவரின் ரயில் போய்விடும். ஆஸ்பத்திரியில் பார்க்கின்சன் என்றார்கள். மூளையில் ஓரிடத்துச் செல்கள் செத்துக்கொண்டே வருகின்றன, அவை சுரக்க வேண்டியதை மாத்திரை ஈடுகட்டும் என்றார்கள். மாத்திரை போட்டால் முடிச்சு விழுந்தது.

ஒருநாள் சாப்பிடும்போது வாய் சும்மா இருக்காமல் சொன்னேன்.

"ஒங்க சீக்கை எங்க காலேஜ்ல ஊசி போட்டு எலிக்கு வர வைக்காங்க அத்தான். சுத்துற உருளை மேல ஏத்திவிட்டா அது பொத்துனு விழுந்துரும். வல்லாரையில எடுத்த பச்சை மருந்து குடிச்ச எலி மட்டும் விழாம நிக்கு."

"வல்லாரையா? மாட்டுங்கா மார்க்கெட்ல கட்டுக் கட்டா விக்கானே."

"நீ பேசாமத் திங்க மாட்டியால?" என்றாள் அக்கா என்னிடம்.

மறுநாளிலிருந்து அத்தான் வல்லாரையை அரைத்து வெறும் வயிற்றில் குடித்தார். நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. கீரைதானே.

இரண்டு வாரம் கழித்து ஒரு காலையில், இட்லிப் பாத்திரத்தோடு வாசலைத் தாண்டப் போனவர் அப்படியே நின்றுவிட்டார். கால் எழும்பவில்லை. எங்கள் சந்தில் ஒருவர் நின்றால் பின்னால் எல்லாரும் நிற்க வேண்டும். குடத்தோடு நின்ற பக்கத்து வீட்டுக்காரர் கேட்டார்: "என்ன அண்ணாச்சி, சிக்னல் விழலையா?" அத்தானும் சிரிக்கப் பார்த்தார். முகம் அசையவில்லை.

அவரை உள்ளே உட்கார வைத்த பிறகு அக்கா அலமாரியிலிருந்து ஒரு பிஸ்கட் டப்பாவை எடுத்து என் முன்னால் கவிழ்த்தாள். மாத்திரைகள்.

"மாத்திரைய பந்த் பண்ணி நிறுத்திட்டாராம். கேட்டா, எலி மாத்திரையா தின்னுச்சுங்காரு. எல்லாம் ஒன்னாலதான்."

அன்றே கல்லூரியில் அந்த ஆராய்ச்சி செய்துகொண்டிருந்த மாணவியிடம் கேட்டேன். மாட்டுங்காக்காரி. தமிழ் பேசுவாள், படிக்க வராது.

"அண்ணா, நீங்கதானே டெய்லி கூண்டு எடுத்துத் தந்தேள். முதல்ல எது குடுத்தோம்?"

"பச்சை."

"எத்தனை நாள்?"

"ரெண்டு வாரம்."

"அப்புறம்தானே ஊசி? செல் சாகறதுக்கு முன்னாடியே காவல் போட்டாச்சு. உங்க அத்தானுக்கு யார் முன்னாடி குடுத்தா?"

மிச்சமிருக்கும் செல்களையாவது அது காக்குமா என்றேன். எலியில் பார்ப்பது வேறு, மனிதர்களுக்கு அப்படி நிச்சயமாகச் சொல்ல இன்னும் யாராலும் முடியாது என்றாள். "டேப்லெட்டைத் திடீர்னு நிறுத்தினா ரொம்ப டேஞ்சர். இன்னிக்கே டாக்டர்கிட்ட அழைச்சுண்டு போங்கோ." அந்த ஊசி மருந்தும் ஒரு செடியின் வேரில் எடுக்கும் விஷம்தான் என்பதையும் அவள்தான் சொன்னாள். தினமும் என் கையால் எடுத்துக் கொடுத்த கூண்டுகள். எது முந்தி, எது பிந்தி என்று ஒருநாளும் நான் யோசித்ததில்லை.

லீவு சொல்லிவிட்டு அத்தானை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். டாக்டர் திட்டினார். மாத்திரையை எப்படித் திரும்பத் தொடங்குவது என்று எழுதிக் கொடுத்தார். வீட்டுக்கு வந்தும் அத்தான் அதைத் தொடவில்லை. பச்சை எலிகளின் மேல் அவருக்கு இருந்த நம்பிக்கை அசையவில்லை. நான் சொல்லிப் பார்த்தேன்.

"மழைக்கு முன்னாடி கூரைக்குத் தார்ப்பாய் போட்டா வீடு நனையாது அத்தான். ஒங்களுக்கு வீட்டுக்குள்ள தண்ணி வந்துட்டு."

"வந்துட்டுன்னா தார்ப்பாய் போடாம விட்டுருவியால?"

அவர் கேட்டது நியாயம்தான். "போடுங்க. ஆனா உள்ள வந்த தண்ணிய யாரு அள்ளுவா? மாத்திரைதான் அள்ளும்" என்றேன்.

அவர் அந்த பிஸ்கட் டப்பாவைப் பார்த்தார். பிறகு கேட்டார்: "அந்தப் பச்சை குடிச்ச எலியெல்லாம் இப்ப நல்லா இருக்கா?"

முந்தைய வாரம்தான் மூளையை எடுத்துப் பார்ப்பதற்காக எல்லா எலிகளையும் கொன்றிருந்தார்கள். பச்சை குடித்தது, குடிக்காதது எல்லாவற்றையும். காலிக் கூண்டுகளைக் கழுவிக் கவிழ்த்தது நான்.

"இருக்கு அத்தான்."

"சரி, எடு" என்று கையை நீட்டினார்.

நாலைந்து நாள் அக்காதான் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனாள். அதற்கு அடுத்த நாள் காலையில் அத்தான் மாத்திரை போட்டுவிட்டு, சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தபடி அரைமணி நேரம் உட்கார்ந்திருந்தார். பிறகு ஒரு பையில் சட்னியை ஊற்றி, நூலை மூன்று சுற்றுச் சுற்றி இழுத்தார். முடிச்சு விழுந்தது. பையைத் தூக்கி என்னிடம் காட்டினார்.

"இது ஒங்க எலியால முடியாதுல்லா?" என்றார்.