நாலு பேர் இருந்த அறை

திருத்தங்கலில் மூடிக் கிடந்த ஓர் அச்சகத்தில் அந்தப் பிள்ளை தன் முதல் கண்காட்சியை வைத்திருந்தாள். ஒல்லியான உடம்பு. பேசும்முன் முடியைக் காதுக்குப் பின்னால் ஒதுக்கிக்கொள்வாள். காகிதக் கூழில் செய்த மூன்று பெண்கள் ஓர் அறையில் வெடிக்கு மருந்து அடைத்தபடி இருந்தார்கள். நாலாவதாக அவளும் உட்கார்ந்து, மருந்துக்குப் பதில் மண்ணை அடைத்துக்கொண்டிருந்தாள். கூட உட்கார்ந்து பார்க்கத்தான் எங்களை அழைத்திருந்தாள்.

பட்டாசுக் கம்பெனியில் வேலை பார்த்த நாங்கள் யாரும் வாசலைத் தாண்டவில்லை. வெகுநேரம் கழித்து அவள் கண் கலங்கிவிட்டது.

“பிடிக்கலையா பெரியம்மா?” என்று என்னிடம் கேட்டாள்.

“அதில்ல தாயி, உள்ள நாலு பேரு இருக்கீக. வெடிச்சிருமோன்னு, மருந்து ரூமுல நாலு பேருக்கு மேல போகமாட்டோம்.”

“ஏத்தா, அது பொம்மை!” என்று ஒருத்தி சிரித்தாள்.

“அப்ப நீ போயேன்,” என்றாள் இன்னொருத்தி. சிரித்தவளும் போகவில்லை.

அந்தப் பிள்ளை எழுந்தாள். ஒரு பொம்மையைக் குழந்தைபோல் தூக்கி வந்து வெளியே வேப்பமர நிழலில் உட்காரவைத்தாள்.

“இப்ப மூணு பேருதான். வாங்க.”

நான் போய் அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். பிறகு நான் எழுந்து வர, ஒருத்தி மாற்றி ஒருத்தியாக எல்லாரும் போய் உட்கார்ந்தோம். எங்கள் பயத்தைக் கேட்டு அவள் ஏன் சிரிக்கவில்லை என்பது எனக்கு இன்னும் தெரியவில்லை.