கூடைக்குள் முகம் வைத்துக் கேட்ட பாட்டு

சென்ற வருடம் சித்திரைப் புதுவருட விடுமுறை முடிந்த கையோடு தொடங்கிய கதை இது. வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்கமாக இறங்கும் ஒழுங்கை ஒன்றில், ஆறு மாடித் தொடர்மாடி ஒன்றின் மூன்றாம் மாடியில் நான் தனியாக இருக்கிறேன். வயது ஐம்பத்தாறு. காப்புறுதி அலுவலகம் ஒன்றில் முப்பது வருடம் கடிதம் எழுதியே கழித்தவள். ஓய்வு பெற்ற பிறகும் கை சும்மா இருக்கவில்லை, தொடர்மாடிக் குழுவின் செயலாளர் ஆகிவிட்டேன். படியில் செருப்பு விடாதீர்கள், பல்கனியில் ஈரத்துணி உதறாதீர்கள், லிஃப்டில் மீன் பையோடு ஏறாதீர்கள் என்று வாரத்துக்கு ஒரு அறிவித்தல் ஒட்டாவிட்டால் எனக்குச் சோறு இறங்காது.

அந்தச் சித்திரையில் எனக்கு நேர் மேல் வீட்டுக்கு ஒரு பெண் வாடகைக்கு வந்தாள். முப்பது வயது இருக்கும். கொட்டாஞ்சேனையில் பிறந்து வளர்ந்த கத்தோலிக்கப் பிள்ளை. கோட்டையில் கப்பல் கொம்பனி ஒன்றில் வேலை. பார்த்தால் எறும்பையும் மிதிக்காத முகம். ஆனால் வேலையால் வந்து சரியாக ஆறு மணிக்கு அவள் போடுகிற பாட்டு இருக்கிறதே! தகரக் கூரையைக் காலி வீதி முழுக்க இழுத்துக்கொண்டு போகிற மாதிரி ஒரு சத்தம். அதற்கு நடுவே தொண்டை கட்டிய பன்றி உறுமுவது போல ஓர் ஆண் குரல். அரை மணித்தியாலம் அப்படியே போய், சட்டென்று நிற்கும். கடற்கரை ரயில் நாள் முழுக்கக் கட்டடத்தை உலுக்கிக்கொண்டுதான் போகிறது. அதை நான் ஒருநாளும் குறை சொன்னதில்லை. இதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

மூன்றாம் நாள் மேலே போய்க் கதவைத் தட்டினேன்.

"பிள்ளை, உது என்ன சத்தம்? ஆரும் சாகினமோ?"

"சொரி அன்ரி, சத்தம் கூடிட்டுது போல. பாட்டுத்தான். கிரைண்ட்கோர் எண்டு சொல்றது, டெத் மெட்டலும் கலந்து இருக்கு."

அப்படியென்றால் என்ன என்று கேட்டதற்கு, அந்தப் பாட்டுகள் உள்ள அல்பத்தின் அட்டைப் படத்தை ஃபோனில் காட்டினாள். வயிறு பிளந்த ஓர் எலும்புக்கூடு, அதைச் சுற்றிக் குடலும் புழுவும். நான் வந்த வேகத்திலேயே திரும்பி இறங்கிவிட்டேன்.

அன்றைக்கே அவள் சத்தத்தைக் குறைத்துவிட்டாள். நானும் அதோடு விட்டிருக்கலாம். ஆனால் அந்தப் படம் என் கண்ணை விட்டுப் போகவில்லை. எங்கள் தொடர்மாடியில் பாதி வீடுகளின் சொந்தக்காரர்கள் கனடாவிலும் லண்டனிலும் இருக்கிறார்கள். வாடகைக்கு இருப்பவர்களைப் பற்றி அவர்களுக்குத் தகவல் சொல்வதற்கென்றே ஒரு வாட்ஸ்அப் குழு இருக்கிறது. அதை நடத்துபவள் நான். அதில் எழுதினேன்: மேல் வீட்டுப் பெண்ணின் போக்குச் சரியில்லை, பேய் பிசாசுப் பாட்டுக் கேட்கிறாள், குடும்பங்கள் இருக்கிற இடத்துக்கு இது பொருந்தாது. வீட்டுக்காரர் கனடாவிலிருந்து தனியாகப் பதில் போட்டார். கவலைப்படாதீர்கள், மூன்று மாதத்தில் அவளை வீட்டைவிட்டு எழுப்பிவிடுகிறேன் என்றார். எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது.

அடுத்த மாதமே என் வலது கை மரத்துப்போகத் தொடங்கியது. முதலில் பேனா வழுக்கியது. பிறகு தேத்தண்ணிக் கோப்பை கையில் நிற்கவில்லை. கழுத்தில்தான் கோளாறு, எம்.ஆர்.ஐ. ஸ்கான் எடுத்துப் பார்க்காமல் கத்தி வைக்க முடியாது, பிந்தினால் கை திரும்பி வராமலே போகலாம் என்று டாக்டர் சொன்னார்.

எனக்கோ அடைத்த இடம் என்றால் சின்ன வயதிலிருந்தே உயிர் போகும் பயம். முதல் தடவை, முகத்துக்கு மேலே கூடு போன்ற ஒன்றைப் பூட்டி அந்தக் குழாய்க்குள் தள்ளியதும், டம் டம் டம் என்று சத்தம் தொடங்கியது. இரண்டு நிமிடம் இருந்திருப்பேனோ என்னவோ, கையில் தந்திருந்த ரப்பர் பந்தை அமுக்கி அமுக்கி வெளியே வந்துவிட்டேன். இரண்டாம் தடவை குழாய்க்குள் போகவே இல்லை. சத்தத்தை நினைத்தே எழும்பி ஓடிவந்தேன். மயக்கம் தந்து எடுக்கலாமே என்றால், எனக்குக் கடும் ஆஸ்துமா. டாக்டர் தயங்கினார். பத்து நாள் கழித்து மூன்றாவது திகதி தந்தார்கள்.

திரும்பி வந்து லிஃப்டில் ஏறியதும் அழுகை பொத்துக்கொண்டு வந்தது. வாசலில் வந்து ஏறியவள் அந்த மேல் வீட்டுப் பெண். மூன்றாம் மாடி வந்தும் நான் இறங்கவில்லை. யாரிடமாவது சொல்ல வேண்டும் போல இருந்தது, அவளிடம் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன்.

"எனக்கும் அது எடுத்தது அன்ரி, தலையிடிக்கு," என்றாள். "உண்மையைச் சொன்னா, எனக்குப் பிடிச்சது. உள்ளுக்குத் தலையை ஆட்டக் கூடாது எண்டதுதான் கஷ்டமாப் போச்சு."

எனக்கு அந்த அழுகையிலும் சிரிப்பு வந்துவிட்டது. அவள் சிரிக்கவில்லை. "நாளைக்கு ஆறு மணிக்கு வாங்க. உள்ளுக்குக் கிடக்கப் பழகுவம்," என்றாள்.

பழகியது எப்படி என்று கேட்டால் நீங்களும் சிரிப்பீர்கள். அவளுடைய கட்டிலுக்கு அடியில் பாய் விரித்து என்னைப் படுக்க வைத்தாள். மரக்கறி கழுவுகிற பிளாஸ்டிக் கூடையை என் முகத்தின் மேல் கவிழ்த்தாள். கையில் சுருட்டிய காலுறை ஒன்றைத் தந்தாள், அதுதான் ரப்பர் பந்து. பிறகு அந்த எலும்புக்கூட்டு அல்பத்தை முழுச் சத்தத்தில் போட்டாள், அறிவித்தல் ஒட்டுகிற செயலாளரின் அனுமதியோடு. அவளும் கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் படுத்துக்கொண்டு, என் காற்பெருவிரலைப் பிடித்துக்கொண்டாள்.

"நிமிஷத்தை எண்ணாதீங்க, பாட்டை எண்ணுங்க. எல்லாம் சின்னப் பாட்டு. இருபத்திரண்டு முடிஞ்சா நீங்க வெளியில."

முதல் நாள் மூன்றாவது பாட்டிலேயே காலுறையை எறிந்துவிட்டு வெளியே உருண்டேன். இரண்டாம் நாள் ஐந்து. எதற்காக இந்தக் கண்றாவியைக் கேட்கிறாய் என்று, தேத்தண்ணி குடிக்கும்போது கேட்டேன்.

"ஒஃபிஸ்ல காலையில இருந்து பின்னேரம் வரைக்கும், சரி சேர், சொரி சேர், உடனே செய்றன் சேர் எண்டு நிக்கிறன் அன்ரி. இந்த ஆள் எனக்காகக் கத்துறான்."

நான்காம் நாள் ஒரு விஷயம் நடந்தது. மேளம் அடிக்கிறவன் கண்ணை மூடிக்கொண்டு கண்டபடி அடிக்கவில்லை என்பது எனக்குத் தெரிந்தது. அவ்வளவு வேகத்திலும் ஒரு அடிகூடப் பிசகவில்லை. கிற்றாரும் உறுமலும் மேளமும் தலைதெறிக்க ஓடிவந்து, ஒரே கணத்தில், எல்லாம் சேர்ந்து நின்றன. அந்த நிற்கிற இடத்துக்காக நான் காத்திருக்கத் தொடங்கினேன். ஏழாவது பாட்டில் எல்லாம் திடீரென்று மெதுவாகி, பெரிய பாரத்தைத் தூக்கிக்கொண்டு நடக்கிற மாதிரி ஒரு இடம் வரும். அது வரும்போது என் நெஞ்சுப் படபடப்பும் சேர்ந்து இறங்கும். எனக்கே வெட்கமாக இருந்தது, அந்த இடம் பிடித்துவிட்டது! உலகத்தில் உள்ள பயங்கரம் எல்லாவற்றையும் முன்னாலேயே கொட்டிவிடுகிறார்கள். இதற்குப் பின்னால் இன்னும் என்ன வரப்போகிறதோ என்ற பயம் அங்கே இல்லை. எட்டாம் நாள் இருபத்திரண்டு பாட்டும் முடிந்தது. அவள் கூடையைத் தூக்கிப் பார்த்தபோது நான் கால் விரலால் தட்டிக்கொண்டு கிடந்தேனாம்.

ஸ்கான் நாளன்று அவள் அரைநாள் லீவு போட்டுக்கொண்டு கூட வந்தாள். "பய வென்ன எப்பா அம்மா," என்று, பயப்படாதே என்ற அர்த்தத்தில், ஸ்கான் எடுக்கிற சிங்களப் பையன் என் தோளைத் தட்டினான். கூடு பூட்டினார்கள், உள்ளே தள்ளினார்கள். டம் டம் டம். பிறகு கரகரவென்று ஓர் அறுப்பு. அடடா, இது இரண்டாவது பாட்டின் தொடக்கம் அல்லவா என்று நினைத்தேன். நடுவில் ஒருதடவை மூச்சு முட்டியது. பந்தை அமுக்கக் கை போனது. இந்தப் பாட்டு முடியட்டும், இந்த ஒன்று மட்டும் முடியட்டும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தேன். அது நின்றது. அடுத்தது தொடங்கியது. அப்படியே முழுவதும் முடிந்துவிட்டது. வெளியே வந்து அவளைக் கட்டிப்பிடித்து அழுதேன்.

கழுத்தில் ஒரு வட்டு விலகி நரம்பை நெரித்துக்கொண்டு இருந்ததாம். இன்னும் பிந்தியிருந்தால் கை போயிருக்கும். சத்திரசிகிச்சை நல்லபடி முடிந்தது, விரல்கள் ஒவ்வொன்றாக உயிர் பெற்றன. ஆனால் மனம் மட்டும் உறுத்திக்கொண்டே இருந்தது. கட்டுப் பிரித்த அன்று மேலே போனேன். அவள் சாமான்களைப் பெட்டியில் அடுக்கிக்கொண்டு இருந்தாள்.

"பிள்ளை, உன்னை எழுப்பச் சொல்லி வீட்டுக்காரருக்கு எழுதினது நான்தான்."

"தெரியும் அன்ரி. அவர் உங்கட மெசேஜை அப்படியே எனக்கு அனுப்பினவர்."

"எப்ப?"

"நீங்க லிஃப்ட்ல அழுதீங்களே, அதுக்கு ஒரு கிழமை முந்தி."

நான் அந்தப் பெட்டிகளில் ஒன்றின் மேலேயே இருந்துவிட்டேன். அப்படியென்றால் கூடையைக் கவிழ்த்தபோதும் தெரியும். தரையில் கிடந்து என் கால் விரலைப் பிடித்திருந்தபோதும் தெரியும். உனக்கு என்மேல் கோபமே வரவில்லையா என்று கேட்டேன்.

"ஏன் வராது? நல்லா வந்தது," என்றாள், பெட்டி ஒட்டுகிற டேப்பைக் கிழித்துக்கொண்டே. "ஆறு மணிக்கு அதைப் போட்டுக் கேட்டா, ஆறரைக்கு முடிஞ்சிடும் அன்ரி."

அன்றே அந்த வாட்ஸ்அப் குழுவில், நான் எழுதியது பிழை, அந்தப் பிள்ளையைப் போல ஒரு குடியிருப்பாளர் கிடைக்கமாட்டார் என்று எழுதினேன். வீட்டுக்காரர் அதற்குள் வீட்டைத் தன் மச்சாள் குடும்பத்துக்குக் கொடுப்பதாகச் சொல்லிவிட்டார். அவள் கொட்டாஞ்சேனைக்கு, அக்கா வீட்டுக்குப் போய்விட்டாள். மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறிப் போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன். அந்த அல்பத்தைப் போடச் சொல்லிக் கேட்பதும் உண்டு. அவள் மீட்டுத் தந்த கையால்தான் இதை எழுதுகிறேன். அவளை வீட்டைவிட்டு எழுப்பியதும் இதே கைதான் என்பதை, பேனா எடுக்கிற ஒவ்வொரு முறையும் நினைத்துக்கொள்கிறேன்.