ஓலீட்டாவின் கனத்த துப்பாக்கி

அமரில்லோ நகரத்துக்கு வடக்கே எங்கள் ஊரில் பாதிப் பெண்களின் தலைமுடி ஓலீட்டா பிராண்டின் கத்தரிக்குப் பழக்கப்பட்டது. கோதுமைக் கிடங்குக்கு எதிரில் அவளுடைய முடிதிருத்தும் கடை. கிடங்கில் லாரிகளுக்கு எடை போடுகிறவன் அவள் கணவன் டெல்பர்ட். சனிக்கிழமை வந்துவிட்டால் ரைஃபிள், பிஸ்டல், ஷாட்கன் மூன்றையும் வண்டியில் போட்டுக்கொண்டு துப்பாக்கி சுடும் போட்டிக்குக் கிளம்பிவிடுவான். ஓலீட்டா மடக்கு நாற்காலியும் ஒரு பெட்டி ஐஸ் டீயுமாகக் கூடவே வருவாள். எத்தனையோ வருடம் அப்படி உட்கார்ந்து பார்த்தவள், ஐம்பத்து நாலாவது வயதில் ஒருநாள் எழுந்து, "நானும் சுடறேன்" என்றாள்.

அந்தப் போட்டிகளில் நேரக்கருவியைப் பிடித்துக்கொண்டு, சுடுகிறவர்களின் முதுகுக்குப் பின்னாலேயே போகிறவன் நான். அதனால் அவள் ஆட்டத்தைக் கையெட்டும் தூரத்திலிருந்து பார்த்திருக்கிறேன்.

பிஸ்டலும் ஷாட்கனும் டெல்பர்ட்டின் பழையவையே அவளுக்குப் போதுமாக இருந்தன. ரைஃபிள்தான் புதிதாக வாங்க வேண்டியிருந்தது. டெல்பர்ட்டின் தம்பி குரோவர் மாட்டுத்தீவனக் கடையின் பின்கட்டில் துப்பாக்கி விற்கிறான். அவன் யோசிக்கவே இல்லை. மெல்லிய பேரலும் தோளில் அணைக்கும் குட்டைக் கட்டையுமாக, கோழி இறகு மாதிரி ஒன்றை எடுத்து மேசைமேல் வைத்தான்.

"அண்ணி, பொம்பளைங்களுக்கு இதுதான். தூக்கறதே தெரியாது."

"தூக்கறது தெரியாட்டி, எங்க வெச்சேன்னே மறந்துடுவேனேடா!"

"கேலி பண்ணாதீங்க. ஓடணும், திரும்பணும், குனியணும். கனம் இருந்தா கை போயிடும்."

டெல்பர்ட்டும் தம்பி பக்கமே பேசினான். இரண்டு ஆண்கள் இவ்வளவு உறுதியாகச் சொல்லும்போது எதற்கு வம்பு என்று அவளும் அதையே எடுத்துக்கொண்டாள்.

வசந்தகாலத்துப் போட்டியில் வழக்கம்போலக் காற்று தொப்பியைப் பிடுங்கியது. பக்கத்திலிருந்த காகித இலக்குகளை அவள் நன்றாகவே சுட்டாள். பிரச்சினை முந்நூறு கஜத்துக்கு அப்பால் நின்ற இரும்புத் தகடுகளில்தான். பட்டால் டணார் என்று சத்தம் வர வேண்டும். வந்ததெல்லாம் மண்தூசிதான். ஒவ்வொரு குண்டுக்கும் அந்த இறகுத் துப்பாக்கி துள்ளியது. மேலே பொருத்திய தொலைநோக்கியான ஸ்கோப்பில் தகடு தெரிந்து, மறைந்து, மறுபடி தெரிந்தது. அடுத்த குண்டுக்கு அவள் தகட்டைத் தேடிக் கண்டுபிடிப்பதற்குள் என் கருவியில் சுற்றுக்குக் கொடுத்த நேரம் முழுவதும் ஓடி முடிந்துவிட்டது. அடிக்காத தகடு ஒவ்வொன்றுக்கும் தண்டனை நேரம் வேறு கூடும்.

"அந்தப் பக்கம் ஒரு முயல் பிழைக்காது" என்றான் டெல்பர்ட், நாற்காலியிலிருந்து.

"வாய மூடிக்கிட்டு டீயக் குடி."

சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். ஆனால் முகம் வாடியிருந்தது. அடுத்த இரண்டு போட்டிகளிலும் அதே கதை. பழக்கம் போதவில்லை என்றே அவள் நினைத்தாள். கடையை மூடிய பிறகு வயல்பக்கம் போய்ப் பழகினாள். தோட்டா தீர்ந்ததுதான் மிச்சம்.

எங்கள் குழுவில் ஹார்லன் வோத் என்று ஒரு கோதுமை விவசாயி உண்டு. அவருடைய ரைஃபிள் தடித்த பேரலும் பெரிய ஸ்கோப்புமாகத் தூண் மாதிரி இருக்கும். டிராக்டரில் உட்கார்ந்தே முதுகு தேய்ந்தவர். ஜூன் மாதப் போட்டி முடிந்ததும், இந்தக் கனத்தைத் தூக்கிச் சுமக்க முடியவில்லை, அடுத்த தடவை வருவேனோ மாட்டேனோ என்று அலுத்துக்கொண்டார்.

"நான் ஒரு தடவ சுட்டுப் பாக்கட்டுமா?" என்றாள் ஓலீட்டா.

"பாரும்மா. கால்ல போட்டுக்காத."

அவள் நின்றபடியே, கம்பத்தில் சாய்த்துப் பிடித்தாள். டணார். துப்பாக்கி அசையவில்லை. டணார். டணார். கடைசித் தகடு காற்றில் இன்னும் ஆடிக்கொண்டிருந்தபோது திரும்பி, வேடிக்கை பார்க்க வந்திருந்த குரோவரைப் பார்த்தாள்.

"அண்ணி, அதத் தூக்கிக்கிட்டு ஓடணுமே?"

"நான் எங்கடா ஓடறேன்? நீ என்னைக்காவது பாத்திருக்கியா? நடந்துதான போறேன்."

"கை வலிக்குமே!"

"நாள் பூரா ஹேர் டிரையரத் தலைக்கு மேல தூக்கிப் பிடிச்சு நிக்கிற கை இது. உன் பொண்டாட்டி முடிய உலர்த்தவே முக்கா மணி நேரம் ஆவுது. கையப் பத்திக் கவலைய விடுடா. இதுல கண்ணு தகட்ட விட்டு நகரவே இல்ல, அது போதும்."

குரோவர் என்னைப் பார்த்தான். நான் கருவியைத் துடைக்க ஆரம்பித்தேன். ஓலீட்டா காலால் ஓடி நேரம் மிச்சம் பிடிக்கிறவள் அல்ல. அவள் நேரத்தை மிச்சம் பிடிக்க வழி ஒன்றுதான்: தவறவிடாமல் அடிப்பது. அவளுடைய ஆட்டத்தை இத்தனை போட்டிகளில் பார்த்தும் எங்களில் ஒருவருக்கும் இது தோன்றவில்லை.

அவளும் ஹார்லனும் அங்கேயே துப்பாக்கிகளை மாற்றிக்கொண்டார்கள். ஹார்லன் இறகுத் துப்பாக்கியை ஒரே கையில் தூக்கிப் பார்த்துக் குழந்தை மாதிரி சிரித்தார். இனி முதுகைச் சாக்குச் சொல்ல முடியாது என்றார். அடுத்த போட்டிக்கும் வந்தார்.

அக்டோபரில் பெரிய போட்டி. கடைசிச் சுற்றில் ஷாட்கனால் தட்டுகளை வீழ்த்தி, அந்தத் துப்பாக்கியைப் பக்கத்திலிருக்கும் பீப்பாய்க்குள் பத்திரமாக வைத்துவிட்டு, பிஸ்டலால் காகித இலக்குகள். பிறகு ரைஃபிளை எடுத்துக்கொண்டு ஒரு டிரெய்லர் மேல் ஏறி, தூரத்துத் தகடுகளைச் சுட வேண்டும். டெல்பர்ட் முதலில் ஆடினான். பாய்ந்து ஏறினான். மூச்சு வாங்கியது. இரண்டு தகடுகளைத் தவறவிட்டான்.

ஓலீட்டா மளிகைக்கடைக்குப் போகிறவள் மாதிரி நடந்தாள். பின்னால் போன நான் ஓடத் தயாராக இருந்து, கால் தடுக்கி விழப் பார்த்தேன். கூட்டத்தில் சிரிப்பு. டிரெய்லர் படியில் நிதானமாக ஏறினாள். துப்பாக்கியைச் சாய்த்தாள். அடுத்தடுத்து டணார் டணார் என்று கேட்டது. ஒரு தகடுகூட மிச்சமில்லை. கூட்டம் சிரிப்பை விட்டுக் கைதட்டியது.

"குண்டு காலியா? காட்டுங்க" என்றேன், விதிப்படி. காட்டினாள். கருவியைப் பார்த்து நேரத்தை உரக்கச் சொன்னேன். அந்தச் சுற்றில் டெல்பர்ட்டை முந்தியிருந்தாள்.

மொத்தக் கணக்கில் அவள் நடுவாந்திரமாகத்தான் வந்தாள். அதைப் பற்றிக் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை. மாலையில் எல்லோரும் ஓட்டலில், காரச் சாறு ஊற்றிய ரொட்டிச் சுருளான என்சிலாடா சாப்பிட உட்கார்ந்தோம். பரிமாற வந்த பெண்ணிடம், அவள் கேட்காமலே டெல்பர்ட் ஆரம்பித்தான்.

"என் பொண்டாட்டி இன்னைக்கு என்ன பண்ணினான்னு தெரியுமா?"

"உங்கள ஜெயிச்சாங்களா?"

"அட, உனக்கு யாரு சொன்னா?"

"உங்க மூஞ்சியே சொல்லுதே!"

ஓலீட்டா சிரித்தபடி சிப்ஸ் கூடையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். டெல்பர்ட் இன்னொரு கூடை கொண்டுவரச் சொன்னான்.