மகன் அழாத கதை

என் கதையைப் படித்துவிட்டு யாராவது போன் செய்தால் நான் உடனே எடுக்க மாட்டேன். நன்றாயிருக்கிறது என்று சொல்பவர்கள் அநேகமாகப் படித்திருக்க மாட்டார்கள். படித்தவர்கள் கேள்விதான் கேட்பார்கள். "இதுல என்ன சொல்ல வர்றீங்க?" என்பார்கள். சொல்ல வந்ததைத்தானே எழுதியிருக்கிறேன், அதற்கு மேல் என்னத்தைச் சொல்ல?

போன மழைக்காலத்துக்கு முன்னால் ஒரு சிற்றிதழில் என் கதை ஒன்று வந்தது. தன் அப்பா இறந்துவிட்டார் என்று சந்து முனையில் கட்டியிருக்கும் கண்ணீர் அஞ்சலி ஃப்ளெக்ஸைப் பார்த்து ஒருவன் தெரிந்துகொள்கிறான். அப்பாவோ அவன் பக்கத்தில் பல் துலக்கியபடி நின்று அதையே பார்த்துக்கொண்டிருக்கிறார். ஊர்ச் சங்கத்தில் போய்க் கேட்டால், "ஃப்ளெக்ஸ் அடிச்சாச்சே, கொஞ்சம் ஒத்துழைங்க" என்கிறார்கள். அப்பா ஒத்துழைக்கிறார். தன் பதினாறாம் நாள் சாப்பாட்டில் தானே பரிமாறுகிறார். சாம்பாரில் உப்பு இல்லை என்று சமையல்காரரோடு சண்டை போடுகிறார். கடைசியில் ஃப்ளெக்ஸுக்குப் பக்கத்தில் போய் நிற்கிறார். ஜனங்கள் இரண்டையும் ஒப்பிட்டுப் பார்த்து, படம்தான் லட்சணமாக இருக்கிறது என்று அவரை அப்புறப்படுத்திவிடுகிறார்கள். அவ்வளவுதான் கதை.

மாட்டுங்காவில் ஒரு வாசகர் வட்டம் இருக்கிறது. பெரும்பாலும் ஆபீசில் ரிட்டயர் ஆனவர்கள். அங்கே இதை வாசித்தபோது விழுந்து விழுந்து சிரித்தார்கள். உப்புச் சண்டையில் ஒருவருக்குப் புரையேறிவிட்டது. முடிந்ததும் ஒரு பெரியவர் எழுந்து, "கதை ஜோரா இருக்கு. ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். அவர் நெஜமாப் போயிட்டாரா இல்லையா? அது தெரியாம ஆத்துக்குப் போனா நேக்குத் தூக்கம் வராது" என்றார். எனக்கும் தெரியாது என்றேன். அவர் முகம் சுருங்கிப்போயிற்று. வெளியே வரும்போது ஓர் அம்மாள் மட்டும், "உங்கப்பா இதப் படிச்சாரோ?" என்று கேட்டார். இல்லை என்று சொல்லிவிட்டுச் செருப்பைத் தேடினேன்.

அப்பாவிடம் காட்டாததற்குக் காரணம் இருந்தது. அவர், பிழைக்க வந்த எங்கள் ஊர்க்காரர்கள் நெருக்கமாகக் குடியிருக்கும் லேபர் கேம்ப்பில் அம்மாவோடு இருக்கிறார். திலக் நகரில் என் வீட்டுக்கு வரச்சொன்னால், அங்கே யாரைத் தெரியும் என்பார். வேலை செய்த பட்டறையை மூடிய பிறகு அவருக்கு இருந்த ஒரே முக்கியமான வேலை, ஊர்க்காரர்கள் வீட்டுத் துக்கத்துக்குப் போவது. போய்விட்டு வந்து யார் யார் அழுதார்கள் என்று அம்மாவிடம் ஒப்பிப்பார். "மவன் அழலட்டி. போனப் பாத்துட்டு நின்னான்" என்பார். இதைச் சொல்லும்போது என்னைப் பார்க்க மாட்டார். அந்த வருஷம் அவருக்கு நெஞ்சில் ஸ்டென்ட் வைத்திருந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு இந்தக் கணக்கெடுப்பு இன்னும் கூடியது. அவருக்குப் பயமாயிருக்கிறது என்று எனக்குத் தெரியும். அதைப் பற்றி அவரிடம் பேச எனக்கு வாய் வரவில்லை. கதை எழுத மட்டும் வந்தது.

என் தங்கை வாஷியில் இருக்கிறாள். வீட்டில் தமிழ் பேசுவாள், ஆனால் எழுத்துக்கூட்டிக்கூடப் படிக்கத் தெரியாது. "அண்ணா, எல்லாரும் சொல்றாங்க, எனக்கு மட்டும் உன் கதை தெரியாது. நீயே படிச்சு வாய்ஸ் அனுப்பேன்" என்று நச்சரித்தாள். எனக்கு அப்போது நல்ல ஜலதோஷம். மூக்கை உறிஞ்சிக்கொண்டே வாசித்து அனுப்பினேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் அவள் அதைப் பெருமையாக ஊர்ச் சங்கத்து வாட்ஸ்அப் குரூப்பில் போட்டுவிட்டாள். எங்கள் ஆட்களில் நீண்ட ஆடியோவை முழுதாகக் கேட்கிறவர்கள் யார்? முதல் வரி, "அப்பா போய்விட்டார் என்று காலையில்தான் எனக்குத் தெரிந்தது." அடைத்த தொண்டையில், என் குரலில். அதற்கு மேல் யாரும் கேட்கவில்லை. பதிலுக்குக் கும்பிடும் கைப் படங்களாக வந்து குவிந்தன. சங்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. சாவுச் செய்தி வந்தால் வீட்டாரைக் கேட்டுத் தொந்தரவு செய்ய மாட்டார்கள், நேரே ஃப்ளெக்ஸுக்குச் சொல்லிவிடுவார்கள். பொங்கல் விழாவில் எடுத்த எல்லாருடைய படமும் செயலாளர் போனில் இருக்கிறது.

தங்கை எனக்குப் போன் செய்தாள். "அண்ணா, அப்பாவுக்கு ஒண்ணும் ஆகல, நல்லா இருக்காரு. ஆனா அத்தை எனக்குப் போன் பண்ணி அழுவுறாங்க. அரே, பூராக் கதையும் யாருமே கேக்கல அண்ணா!" என்று அவளும் அழுதாள். நான் டாக்ஸி பிடித்து ஓடினேன்.

அப்பா அந்த நேரத்தில் சவரம் செய்துகொள்ளப் போயிருந்தார். முகத்தில் பவுடர் வாசனையோடு திரும்பி வந்தவர் சந்து முனையில் நின்றிருக்கிறார். ஏணியில் ஏறி ஒருவன் அவர் படத்தைக் கம்பத்தில் கட்டிக்கொண்டிருந்தான். அவன் கீழே பார்த்து, கயிற்றை விட்டுவிட்டான். படம் ஒருபக்கமாகச் சரிந்து தொங்கியது. நான் போய்ச் சேர்ந்தபோதும் அப்படியே தொங்கிக்கொண்டிருந்தது.

சந்து முழுக்க பிளாஸ்டிக் நாற்காலி போட்டிருந்தார்கள். டீ வந்திருந்தது. வந்தவர்களுக்கு உட்காருவதா எழுந்து போவதா என்று தெரியவில்லை. சிலர் சிரித்தார்கள், சிலர் என்னை முறைத்தார்கள். "நல்லா வாய்ல வருது எனக்கு" என்று ஓர் அத்தை முந்தானையை உதறிக்கொண்டு போனாள். சங்கத்துச் செயலாளர் என் கையைப் பிடித்து ஓரமாக இழுத்தார். "தம்பி, அடிச்சாச்சு. இப்ப இத என்ன செய்ய, சொல்லுங்க?" என்றார். என் கதையை அவர் இன்றுவரை படித்ததில்லை. எழுதும்போது இந்த வரிக்கு நானே தனியாகச் சிரித்திருந்தேன்.

வீட்டுக்குள் அப்பா கட்டிலில் உட்கார்ந்திருந்தார். அம்மா கதவை ஒருக்களித்துச் சாத்தினாள். யாரும் திட்டவில்லை. அப்பா என்னைப் பார்த்து, "அதென்ன கதை? வாசி, கேப்போம்" என்றார்.

"இப்பவாப்பா?"

"பின்ன எப்ப? எல்லாரும் கேட்டாச்சு. செத்தவன் கேக்கண்டாமா?"

வாசித்தேன். மாட்டுங்காவில் புரையேறிய இடம் வந்தது. அப்பா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். படத்தை வைத்துக்கொண்டு ஆளை அப்புறப்படுத்தும் இடம் வந்தது. அம்மா எழுந்து ஸ்டவ் பக்கம் போனாள். எனக்குக் குரல் இறங்கிக்கொண்டே வந்து கடைசி வரி எனக்கே கேட்கவில்லை.

"நல்லாத்தான் எழுதியிருக்க" என்றார் அப்பா. "அந்த உப்புச் சண்டை நான் போடுத மாதிரியே இருக்கு." பிறகு, "ஏல, ஒண்ணு கேக்கேன். எல்லாரும் வாராவ, சாப்பிடுதாவ, போறாவ. ஒருத்தரும் அழலியே?"

"அது வேடிக்கைக் கதைப்பா. அப்படித்தான் எழுதணும்."

"சரி, ஊர்க்காரன் அழாண்டாம். அந்த மவன் ஏம்ல அழல?"

மாட்டுங்கா பெரியவருக்குச் சொன்ன மாதிரி தெரியாது என்று சொல்ல முடியவில்லை.

"மாடிக்காரன் அழுதாம்ல" என்றார் அப்பா. மாடிவீட்டுக்காரருக்கும் அவருக்கும் தண்ணீர்க் குழாய்த் தகராறில் பல வருஷமாகப் பேச்சுவார்த்தை கிடையாது. "சந்து முனையில நின்னு, அண்ணாச்சி அண்ணாச்சின்னு நெஞ்சுல அடிச்சுட்டு அழுதான். நான் பின்னால நின்னு பாத்தேன். அவன் சத்தியமா அழுதான். நீ வண்டிய விட்டு எறங்கும்போதும் வாசல்ல நின்னு ஒன் மூஞ்சியப் பாத்தேன்."

"நீங்க நல்லா இருக்கீங்கன்னு தங்கச்சி சொல்லிட்டாப்பா."

"சொல்லியிருப்பா" என்றார். டீ ஆறிப்போகிறது, குடி என்றார்.

அந்த ஃப்ளெக்ஸை யாரும் தூக்கி எறியவில்லை. எங்கள் பக்கம் நல்ல ஃப்ளெக்ஸை எறிகிற வழக்கம் கிடையாது. மழை தொடங்கும் முன் மாடிக்காரரே ஏறி அதைத் தன் தகரக் கூரை மேல் விரித்துக் கட்டினார். படம் உள்பக்கம் இருக்கும்படி கவிழ்த்துக் கட்டினார் என்று அம்மா சொன்னாள். இப்போது அப்பாவும் அவரும் பேசிக்கொள்கிறார்கள். எனக்கு அதில் சந்தோஷமும் உண்டு, பொறாமையும் உண்டு.

கதைகளைத் தொகுத்துப் புத்தகமாகப் போடலாம் என்று ஒரு பதிப்பாளர் கேட்டார். இந்தக் கதையை மட்டும் கொஞ்சம் திருத்தித் தருகிறேன் என்று வாங்கி வைத்திருக்கிறேன். அந்த மகனை அழவைக்க உட்காருகிறேன். பரிமாறுகிற அப்பாவைப் பார்த்து அழவைத்தேன். அப்பா அவனுக்கு ஒரு அப்பளம் கூடப் போட்டுவிட்டுப் போகிறார், அது சிரிப்பாகிவிட்டது. ஃப்ளெக்ஸுக்கு முன்னால் அழவைத்தேன். கண்ணீர் அஞ்சலி என்று எழுதியதற்குக் கீழே அவன் அழுவது பார்க்க நடிப்பாயிருந்தது. கிழித்துப்போட்டேன். கம்ப்யூட்டரில் எழுதினாலும் கிழித்தது மாதிரிதான் இருந்தது.

என் வாசகர்களில் இப்போது ஒருவர்தான் விடாமல் கேட்கிறார். ஞாயிற்றுக்கிழமை போன் செய்தால் மாத்திரை, தண்ணீர், யார் வீட்டில் துக்கம் எல்லாம் பேசிவிட்டு, வைக்கப்போகும்போது கேட்பார்.

"ஏல, அந்தப் பய அழுதுட்டானா?"

"இன்னும் இல்லப்பா. எழுதிட்டுதான் இருக்கேன்."

"வெரசா எழுதுல" என்கிறார். "நான் இருக்கும்போதே கேக்கணும்லா."